எர்த்தில் தொலைந்த வோல்ட்: பழைய லேலண்ட் காமெட் ஒன்றின் மின்சாரக் கோளாறு ஆய்வு

வண்டி அசோக் லேலண்ட் காமெட். 370 இன்ஜின். 370 என்பது கன அங்குலக் கணக்கு, லிட்டரில் சுமார் 6. 24 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் வண்டியின் இரும்போடு சேர்ந்திருக்கும், கரண்ட் அந்த இரும்பு வழியே திரும்பும்), இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடரிணைப்பில். பாரவண்டியாக ஓடி ஓய்ந்து, சில வருடம் கொட்டகையில் நின்ற பிறகு, மறுபடி ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர எடுக்கப்பட்டது.

உரிமையாளர் சொன்ன குறைகள் நான்கு. காலையில் செல்ஃப் எடுக்காது, "டக் டக்" என்று மட்டும் கேட்கும். ஹெட்லைட் மங்கல். ஒரு பேட்டரியில் வாரத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது, பக்கத்திலிருக்கும் மற்றொன்று எப்போதும் இறங்கியே கிடக்கிறது. டாஷ்போர்டில் அவ்வப்போது ரப்பர் கருகும் வாடை.

இதற்காக முன்பே செய்த செலவும் கொஞ்சமல்ல. செல்ஃப் மோட்டார் ரீவைண்டிங் ஆகியிருந்தது. டைனமோவைக் கழற்றி 35 ஆம்ப் ஆல்டர்னேட்டர் போட்டிருந்தார்கள். பேட்டரி ஜோடியும் மாற்றியாகிவிட்டது. குறை மட்டும் அப்படியே இருந்தது. மாற்றிய சாமான் எதுவும் மோசமில்லை. அவற்றுக்கு இடையே ஓடும் பாதையை யாரும் சுமையில் வைத்து அளக்கவில்லை, அவ்வளவுதான்.

பழைய டீசல் வண்டியில் இந்த மாதிரிக் கோளாறு வருடக்கணக்கில் மறைந்து வாழ முடியும். மெக்கானிக்கல் பம்ப் வைத்த இன்ஜின் ஓட மின்சாரமே தேவையில்லை. தள்ளிவிட்டால் பிடித்துக்கொள்ளும், நிறுத்த ஸ்டாப்பர் கேபிளை இழுத்தால் போதும். வண்டி தினமும் வேலைக்குப் போய்வரும் வரை ஒயரிங்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கரண்ட் கொடுப்பதற்கு முன்

நின்ற வண்டியில் எடுத்த எடுப்பில் செல்ஃப் அடிக்கக் கூடாது. ஆறு நாசிலையும் கழற்றி, சிலிண்டருக்குச் சுமார் 10 மில்லி இன்ஜின் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, கையால் இன்ஜினை இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தாயிற்று. எங்கும் இறுக்கம் இல்லை. டேங்கை இறக்கிக் கழுவி, ஃபில்டர் மாற்றி, லைனில் காற்று எடுத்ததும் வழக்கமான வேலைதான்.

அழுத்திச் சொல்ல வேண்டியது பம்ப் ரேக் பற்றி, அதாவது டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பம்ப்பின் உள் தண்டு பற்றி. பழைய டீசல் காய்ந்து பிசினாகி, ரேக் முழு டீசல் நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் ஸ்டார்ட் ஆனால் இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஏறும், ஸ்டாப்பரை இழுத்தாலும் நிற்காது. பம்ப்பின் பக்க மூடியைத் திறந்து, ரேக் விரலால் தள்ளினால் இரு பக்கமும் தங்குதடையின்றி நகர்கிறதா என்று பார்த்த பிறகே மேலே போக வேண்டும். முதல் ஸ்டார்ட்டின்போது ஏர் இன்டேக் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் வாயை மூடும் அளவுக்கு ஒரு கனமான பலகையோடு ஒரு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். கையால் மூடப் போகக் கூடாது. பிரேக் வேலை முடியும்வரை வண்டியை நகர்த்தவில்லை, அது தனிக் கதை.

இரண்டு பேட்டரி, இரண்டு வோல்ட்டேஜ்

இன்ஜின் ஓடும்போது, லைட் எதுவும் எரியாத நிலையில் பேட்டரி ஜோடியின் மொத்த வோல்ட்டேஜ் 27.7. இதோடு நிறுத்தியிருந்தால் "சார்ஜிங் சரி" என்று எழுதி முடித்திருக்கலாம். ஒவ்வொரு பேட்டரியையும் தனியாக அளந்தபோது எர்த் பக்கத்துப் பேட்டரி (இனி கீழ் பேட்டரி) 12.9, மற்றது (மேல் பேட்டரி) 14.8. கூட்டினால் அதே 27.7 தான்.

காரணம், இரண்டு பேட்டரியையும் இணைக்கும் நடு லிங்க்கிலிருந்து போன ஒரு சிவப்பு ஒயர். பாட்டு செட், சின்ன ஃபேன், போன் சார்ஜர், கேபின் அலங்கார விளக்கு எல்லாம் 12 வோல்ட் சாமான்கள். எல்லாம் சேர்ந்து 5, 6 ஆம்ப். அந்தச் சுமை முழுவதும் கீழ் பேட்டரியின் தலையில்தான். ஆல்டர்னேட்டர் அனுப்பும் கரண்ட் மேல் பேட்டரி வழியாக முழுதாகப் போகிறது, கீழ் பேட்டரிக்கு வரும்போது பாட்டு செட் எடுத்த அளவு குறைந்துவிடுகிறது. சார்ஜிங் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குத் தெரிவது மொத்தம் மட்டும். கீழே இறங்க இறங்க, கூட்டுத்தொகையைக் காப்பாற்ற மேலே ஏறுகிறது. மேல் பேட்டரி கொதித்துத் தண்ணீரை இழக்கிறது, கீழ் பேட்டரியின் பிளேட்டில் சல்ஃபேட் படிகிறது. பேட்டரி ஆசிடின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரும் இதையே சொன்னது: மேலே ஆறு செல்லும் 1.250-ஐ ஒட்டி, கீழே 1.160 முதல் 1.180 வரை.

இதில் ஒரு பேட்டரியை மட்டும் மாற்றுவது பணத்தைக் கொட்டுவது. புதிதும் பழையதும் தொடரில் நின்றால் அதே ஏற்றத்தாழ்வு வேறு வழியில் தொடங்கும். இரண்டும் ஒரே நிறுவனம், ஒரே ஆம்பியர்-மணி, ஒரே மாதத் தயாரிப்பாக வாங்கிப் போடப்பட்டது. நடு லிங்க்கில் இருந்த ஒயர் வெட்டி எறியப்பட்டது. 12 வோல்ட் சாமான்களுக்கு 24-லிருந்து 12 ஆக்கும் 15 ஆம்ப் கன்வெர்ட்டர் ஒன்று, அதன் 24 வோல்ட் பக்கத்தில் 10 ஆம்ப் ஃபியூஸ். இந்த ஒரு ஒயரை எடுத்தாலே தண்ணீர் ஊற்றும் வேலை முடிந்துவிடும் வண்டிகள் ஏராளம்.

செல்ஃப்: ஓசையின் பொருள்

இந்த இன்ஜினில் இருந்தது ஆக்சியல் வகை செல்ஃப். இப்போதைய வண்டிகளில் சோலனாய்டு ஒரு லீவரை இழுத்துப் பினியனை மட்டும் தள்ளும். ஆக்சியலில் ஆர்மேச்சரே முன்னுக்கு நகரும். சாவியைத் திருப்பியதும் முதல் கட்ட கான்டாக்ட் மூடுகிறது. துணைச் சுருளில் கொஞ்சம் கரண்ட் பாய்ந்து, ஆர்மேச்சர் மெதுவாகச் சுற்றிக்கொண்டே நகர்ந்து பினியனை ஃப்ளைவீல் பல்லில் பொருத்துகிறது. ஏறக்குறைய முழு தூரம் நகர்ந்த பிறகுதான் ஆர்மேச்சரில் உள்ள தட்டு கொக்கியைத் தட்டிவிட்டு, இரண்டாம் கட்ட கான்டாக்ட் மூடி, முழுக் கரண்ட் பாய்கிறது. பல்லைக் காப்பாற்றவே இந்த இரண்டு கட்டம்.

வோல்ட்டேஜ் பலவீனமாக இருந்தால் என்ன ஆகும்? முதல் கட்டம் தேறிவிடும், அதற்குக் குறைந்த கரண்ட் போதும். இரண்டாம் கட்டம் மூடிய அந்தக் கணத்தில் வோல்ட்டேஜ் சரிகிறது, கான்டாக்ட்டைப் பிடித்திருக்கும் சுருள் விட்டுவிடுகிறது. உடனே வோல்ட்டேஜ் மீள்கிறது, மறுபடி மூடுகிறது. அதுதான் "டக் டக்". செல்ஃபைக் கழற்றிப் பெஞ்சில் வைத்து நல்ல கேபிளால் கரண்ட் கொடுத்தால் கும்மென்று சுற்றும். திரும்ப வண்டியில் மாட்டினால் பழைய பாட்டு. ரீவைண்டிங் செய்தும் பலனில்லாமல் போனது இதனால்தான்.

அளந்த முறை: ஸ்டாப்பரை இழுத்துக் கட்டி இன்ஜின் பிடிக்காமல் செய்து, ஒருவர் 8 நொடி செல்ஃப் அடிக்க, இன்னொருவர் மீட்டர் பிடிக்க வேண்டும். இரண்டு அடிக்கு நடுவே 2 நிமிட ஓய்வு. பேட்டரியை முழுதாக ஏற்றிய பிறகு, கான்டாக்ட் தடுமாறாமல் பிடித்த அடிகளில் எடுத்த அளவுகள் இவை. டிசி கிளாம்ப் மீட்டர் காட்டிய கரண்ட் 340 ஆம்ப்.

பேட்டரி ஜோடியின் வெளி முனைகளில்: 21.6 வோல்ட்
செல்ஃப் முனைக்கும் செல்ஃப் உடலுக்கும் இடையே: 16.9
பாசிட்டிவ் பக்கம் தொலைந்தது: 1.6
நெகட்டிவ் பக்கம் தொலைந்தது: 3.1

ஆக 4.7 வோல்ட் வழியிலேயே போய்விட்டது. 340 ஆம்ப்பால் பெருக்கினால் சுமார் 1600 வாட். அத்தனையும் சூடாக வீணாகிறது.

பாசிட்டிவ் பக்கத்தில் போஸ்ட்டுக்கும் (பேட்டரி முனை) லக்குக்கும் (கேபிள் நுனியில் மாட்டும் உலோக முனை) இடையே மட்டும் 0.7. கேபிளில் 0.6. அது 35 சதுர மில்லிமீட்டர் கேபிள், 2.2 மீட்டர் நீளம். செம்பின் கணக்குப்படி 0.4 தான் விழ வேண்டும். லக் பக்கம் உறையைக் கீறிப் பார்த்தால் இழைகள் பச்சை பூத்து, ஒரு பகுதி அறுந்தே இருந்தது. மீதி செல்ஃப் முனையின் நட்டில்.

நெகட்டிவ் பக்கம்தான் இந்த வண்டியின் கதை. பேட்டரி நெகட்டிவிலிருந்து சேசிஸ் வரை 0.5. சேசிஸிலிருந்து இன்ஜின் பிளாக் வரை 2.6. அந்த இடத்தில் ஒரு பின்னல் பட்டை இருந்தது. கியர்பாக்ஸ் பக்கத்து போல்ட் ஒன்றில், நல்ல கனமான சேசிஸ் பெயின்ட்டின் மேல் முடுக்கப்பட்டு, ஆயிலும் சேறும் ஊறி, பாதி இழை அறுந்து. இன்ஜினோ ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு இந்தப் பட்டையை விட்டால் எர்த்துக்கு நேர்வழி கிடையாது.

நேர்வழி அடைபட்டால் கரண்ட் கிடைத்த சந்தில் புகும். ஸ்டாப்பர் கேபிளின் வெளிச்சுருள் ஒரு முனையில் இன்ஜின் பிராக்கெட்டையும் மறு முனையில் டாஷ்போர்டு தகட்டையும் தொட்டுக்கொண்டிருந்தது. செல்ஃப் அடிக்கும்போதெல்லாம் கரண்ட்டில் ஒரு பங்கு அதன் வழியாகத்தான் கேபினுக்குப் போய் சேசிஸுக்கு இறங்கியிருக்கிறது. டாஷ்போர்டுத் துளையில் அதன் மேலுறை உருகி, உள்ளே சுருள் நீலம் பாரித்திருந்தது. கருகும் வாடை வந்த இடம் அதுவே. ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், கிளச் ராடு ஆகியவையும் இப்படிச் சூடாவதுண்டு. செல்ஃப் அடித்த கையோடு இவற்றில் ஏதாவது சுட்டால், வேறு எதையும் பார்க்கும் முன் இன்ஜின் எர்த்தைப் பாருங்கள்.

இதே பட்டையை முன்னால் பார்த்தவர்கள் மீட்டரை பீப் ஒலியில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள், பீப் கேட்டிருக்கிறது, "எர்த் ஓகே" என்று விட்டிருக்கிறார்கள். 2.6 வோல்ட்டை 340-ஆல் வகுத்தால் சுமார் 8 மில்லி ஓம். சாதாரண மல்டிமீட்டரின் சொந்த ஒயரே 200 மில்லி ஓம் காட்டும். 8 மில்லி ஓம் அந்த மீட்டருக்குத் தெரியவே தெரியாது. ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பீப் கேட்கும். செல்ஃப் பாதையைச் சோதிக்க ஓம் பக்கம் உதவாது. கரண்ட் ஓடும்போது வோல்ட் பக்கம் வைத்து, இரண்டு முனைக்கு நடுவே எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பது ஒன்றே வழி.

எர்த் கட்டிய விதம்

புதுப் பாதையில் சேசிஸை நம்பவில்லை. பேட்டரி நெகட்டிவிலிருந்து 70 சதுர மில்லிமீட்டர் கேபிள் நேராக செல்ஃப் மவுன்டிங் போல்ட்டுக்குப் போகிறது. அங்கிருந்து 35 சதுர மில்லிமீட்டர் ஒன்று சேசிஸுக்கு, சேசிஸிலிருந்து 16 சதுர மில்லிமீட்டர் ஒன்று கேபினுக்கு. கேபினும் ரப்பர் புஷ்ஷில்தான் நிற்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. பாசிட்டிவ், நடு லிங்க் இரண்டுமே 70.

சேசிஸில் எர்த் போடும் இடத்தில் 30 மில்லிமீட்டர் வட்டத்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டு, ஈயம் பூசிய லக்கை நேராக இரும்பின் மேல் வைத்து, பல் வாஷரும் 10 மில்லிமீட்டர் போல்ட்டும் லாக் நட்டும் போட்டு முடுக்கி, அதன் பிறகே மேலே பெயின்ட் அடிக்க வேண்டும். வாஸ்லினும் அப்படித்தான்: முடுக்கிய பிறகு மேல்பூச்சு.

லக்கை அறுகோண டை வைத்த ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்த வேண்டும். சுத்தியலால் தட்டி ஈயம் ஊற்றுவது இன்னமும் பல இடங்களில் நடக்கிறது. ஈயம் இழைகளுக்குள் ஏறி விறைத்துவிடும். விறைத்த இடமும் வளையும் இடமும் சந்திக்கும் எல்லையில், லாரியின் அதிர்வில் இழை ஒவ்வொன்றாக அறும். பழைய பாசிட்டிவ் கேபிள் அறுந்திருந்ததும் அந்த எல்லையில்தான்.

சார்ஜிங் ஒயர்

டைனமோவை எடுத்து ஆல்டர்னேட்டர் போட்டபோது ஒயரை யாரும் மாற்றவில்லை. பழைய 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், ஆல்டர்னேட்டரிலிருந்து பழைய கட்-அவுட் பெட்டிக்கு (டைனமோவையும் பேட்டரியையும் சேர்த்துப் பிரிக்கும் பழைய ரிலே பெட்டி), அங்கிருந்து டாஷ்போர்டு அம்மீட்டருக்கு, திரும்பிப் பேட்டரிக்கு என்று சுமார் 10 மீட்டர் சுற்றியது. கட்-அவுட் பெட்டி வேலையே இல்லாமல், வெறும் இணைப்பு முனையாகத் தொங்கியது. ஹெட்லைட் எரிய 24 ஆம்ப் ஓடும்போது ஆல்டர்னேட்டர் முனையில் 28.1, பேட்டரியில் 26.3. 1.8 வோல்ட் வழியில் போனது. ஒயரில் மட்டும் ஒரு வோல்ட்டுக்கு மேல், மீதி இணைப்புகளிலும் எர்த்திலும். இரவு ஓட்டத்தில் பேட்டரி ஏறவே ஏறாது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். ஆல்டர்னேட்டர் தன் முனையில் சரியான வோல்ட்டேஜ் இருப்பதைப் பார்த்துத் திருப்தியாக நிற்கிறது.

10 சதுர மில்லிமீட்டர் ஒயர் 4 மீட்டருக்கு நேராக இழுத்து, பேட்டரிப் பக்கத்தில் 50 ஆம்ப் ஃபியூஸ் வைத்தாயிற்று. ஆல்டர்னேட்டர் உடலிலிருந்து இன்ஜின் எர்த்துக்கும் அதே கனத்தில் ஒன்று. அம்மீட்டரைப் பாதையிலிருந்து எடுத்துவிட்டு வோல்ட்மீட்டர். முழுச் சார்ஜ் கரண்ட்டும் டிரைவர் முழங்காலுக்கு மேலே ஃபியூஸ் இல்லாமல் ஓடுவது தீக்கு வழி. அழகுக்காகப் பழைய அம்மீட்டர் வேண்டுமென்றால் டயல் இருக்கட்டும், ஒயர் வேண்டாம்.

சார்ஜிங் எச்சரிக்கை பல்பு வெறும் அடையாள விளக்கு அல்ல. ஆல்டர்னேட்டர் முதலில் உயிர்பெறத் தேவையான சிறு கரண்ட் அதன் வழியாகத்தான் போகிறது. இந்த வண்டியில் அது ஃபியூஸ் போய்க் கிடந்தது. இன்ஜினை ஒருமுறை ஏற்றி முறுக்கினால்தான் சார்ஜ் தொடங்கும் என்று டிரைவர் சொன்னது அதனால்தான். 24 வோல்ட் 3 வாட் பல்பு போட்டதும் ஐடிலிலேயே சார்ஜ் பிடித்தது. அந்த இடத்தில் எல்இடி போட்டால் பழைய குறை திரும்பும்.

லைட்

பேட்டரியில் 26.3 இருக்கும்போது ஹெட்லைட் பல்பு முனையில் 20.6. பாசிட்டிவ் பக்கம் 3.5, எர்த் பக்கம் 2.2 இழப்பு. வோல்ட்டேஜ் கால் பங்குக்கும் குறைவாக விழுந்தாலும் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும், இழை பல்பின் இயல்பு அப்படி. பாசிட்டிவ் இழப்பில் பெரும்பங்கு கேபின் தரையில் உள்ள, ஹை-லோ மாற்றும் டிப் சுவிட்ச்சில். காலோடு வரும் சேறும் தண்ணீரும் அதற்குள்தான் இறங்குகிறது.

டிப் சுவிட்ச்சுக்கு இனி ரிலேயை இயக்கும் வேலை மட்டும். 24 வோல்ட் ரிலே இரண்டு, ஹைக்கு ஒன்று, லோவுக்கு ஒன்று, தலா 10 ஆம்ப் ஃபியூஸ், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். இரண்டு ஹெட்லைட்டின் எர்த்தும் கிரில் தகட்டை நம்பாமல் ஒயராகவே சேசிஸ் எர்த்துக்கு வருகிறது. இப்போது இழப்பு 0.7.

பின்பக்கம் ஓடும் ஒயரில் கனம் பற்றிப் பயப்பட வேண்டாம். 21 வாட் ஸ்டாப் லைட் இரண்டும் சேர்ந்து 24 வோல்ட்டில் 1.75 ஆம்ப்தான். 9 மீட்டருக்கு 1 சதுர மில்லிமீட்டரே மின்கணக்கில் போதும், 0.3 வோல்ட்கூட விழாது. ஆனாலும் 1.5 போட்டது இழுவைக்கும் உரசலுக்கும் தாங்க. உண்மையான தொல்லை எர்த். டெயில் லைட் மாட்டியிருப்பது மரப் பாடியில், அங்கே எர்த் ஒயர் தனியாக வராவிட்டால் கரண்ட் மற்ற பல்புகள் வழியே திரும்ப வழி தேடும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மினுங்குவது, இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட் துடிப்பது எல்லாம் அந்த வகை. இருபுற விளக்குக்கும் சேர்த்து ஒரு எர்த் ஒயர் சேசிஸ் கடைசிக் குறுக்குச் சட்டத்தில் கட்டப்பட்டது.

பழைய ஃபியூஸ் பெட்டியில் இருந்த எட்டு ஃபியூஸில் மூன்றின் இடத்தில் செம்பு இழை சுற்றியிருந்தது. அதை மாற்றும் முன், ஃபியூஸ் ஏன் போனது என்று தேடுவதுதான் வேலை. ஒன்றுக்குக் காரணம் கேபின் சுவரின் துளையில் ரப்பர் வளையம் இல்லாமல் உரசி வெளுத்த ஹார்ன் ஒயர். மற்ற இரண்டும் முறுக்கி டேப் ஒட்டிய இணைப்புகள், டேப்பின் பசை வெயிலில் இளகி நழுவியவை. ஒயரிங் ஹார்னஸ் (ஒயர்க் கட்டு) முழுவதும் புதிதாகக் கட்டப்பட்டது. முன்பு இருந்த நிறங்களையே வைத்து, எங்கும் நடுவில் முறுக்கு இணைப்பு இல்லாமல், 30 சென்டிமீட்டருக்கு ஒரு கிளிப். எக்ஸாஸ்ட் குழாய்க்கும் ஒயருக்கும் ஒரு கை அகல இடைவெளி.

முடிவில் கிடைத்த அளவுகள்

செல்ஃப் அடிக்கும்போது கரண்ட் 350 ஆம்ப், பேட்டரியில் 22.4, செல்ஃப் முனையில் 21.5. இழப்பு 4.7-லிருந்து 0.9. இன்ஜின் சுற்றும் வேகம் நிமிடத்துக்கு 110-லிருந்து 170 ஆனது. இரவு நின்று காலையில் முதல் அடியிலேயே பிடிக்கிறது. ஹெட்லைட்டோடு பேட்டரியில் 27.6, இரண்டு பேட்டரிக்கும் வித்தியாசம் 0.1. ரீவைண்டிங் ஆன அதே செல்ஃப், முன்பு போட்ட அதே ஆல்டர்னேட்டர்.

பாடி கட்டும் இடத்துக்கு வண்டி போகும்போது உரிமையாளருக்குச் சொல்லி அனுப்பியது: சேசிஸில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியின் இரண்டு முனையையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்ற வேண்டும், வெல்டிங் எர்த் கிளாம்ப்பை வெல்ட் செய்யும் துண்டிலேயே, ஒரு முழத்துக்குள் பிடிக்க வேண்டும். பம்பரில் கிளாம்ப்பைப் போட்டுப் பின்னால் வெல்ட் செய்தால் அந்தக் கரண்ட் ஆல்டர்னேட்டர் டயோடையும் பேரிங்கையும் எர்த் இணைப்பையும் தின்றுவிடும். ஓடும் இன்ஜினில் பேட்டரியைத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச்சை அணைக்கக் கூடாது, அந்தக் கணத்து வோல்ட்டேஜ் எழுச்சியில் ரெகுலேட்டர் போய்விடும். முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா 70 சதுர மில்லிமீட்டர் லக்கையும் ஒருமுறை முடுக்கி, இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து எழுதி வைக்க வேண்டும். வித்தியாசம் 0.3-ஐத் தாண்டினால், நடு லிங்க்கில் மறுபடி யாரோ ஒயர் எடுத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.